உழைப்பும் உவகையும்

மகிழ்ச்சி எங்கே இருக்கின்றது என்று கேட்டால், நம்மிற் பெரும்பாலோர் வேலை முடிந்த பின்னுள்ள நேரத்தைச் சுட்டிக் காட்டுவர். மாலையில் வீடு திரும்பிய பின், வார இறுதியில், பிள்ளைகள் தலையெடுத்த பின், ஓய்வூதியம் கைக்கு வந்த பின் என்று அது தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். வேலை என்பது இறுக்க வேண்டிய கடன்; மகிழ்ச்சி என்பது கடன் தீர்த்தவனுக்கு எஞ்சும் மிச்சம். இதுவே இக்காலத்துப் பொதுக் கணக்கு. ஆனால் இக்கணக்கு எக்காலத்திலும் இவ்வாறே இருந்ததா? அன்றாட வேலையின் உள்ளேயே உவகையை வைத்து வாழ்ந்த மக்கள் இருந்தனரா? இருந்தனராயின், அவ்வுவகை எதனால் நிலைத்தது, எதனாற் குலைந்தது? இவ்வினாக்களுக்குத் தத்துவ நூல்களில் விடை தேடலாம். ஓர் ஊரின் வரலாற்றை எடுத்து வைத்துக்கொண்டும் விடை தேடலாம். இரண்டாவது வழியே எனக்கு உகந்ததாகத் தோன்றுகின்றது. அதற்கு வன்னியிலுள்ள செட்டிகுளத்தை எடுத்துக்கொள்வோம்.

வவுனியாவிலிருந்து மன்னார்ப் பக்கமாகச் செல்பவர்கள் செட்டிகுளத்தைக் கடந்தே செல்வர். சிங்கள மக்கள் மல்வத்து ஓயா என்றும் தமிழர் அருவியாறு என்றும் வழங்கும் ஆறு, அநுராதபுரத்தைத் தழுவி வந்து, இப்பகுதியினூடாக ஓடி, அரிப்புக்கு அண்மையிற் கடலிற் கலக்கின்றது. செட்டி ஒருவர் வெட்டுவித்த குளம் ஆதலின் ஊருக்கு இப்பெயர் வாய்த்தது என்பது செவிவழிச் செய்தி. அச்செட்டியார் எக்காலத்தவர் என்று ஆராய்வது இன்றைய பேச்சுக்கு வேண்டியதன்று. ஊரின் பெயரிலேயே குளம் இருக்கின்றது என்பதே நமக்கு வேண்டிய செய்தி. வன்னியின் ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். நேரியகுளம், பாவற்குளம், கனகராயன்குளம், புளியங்குளம், ஓமந்தை, நெடுங்கேணி. குளமும் கேணியுமே பெரும்பாலும் முன்னிற்கும். இங்கே ஊர் முதலிலே தோன்றிப் பின்னர்க் குளம் வெட்டப்படவில்லை. குளம் இருந்தமையால் ஊர் உண்டாயிற்று.

1914ஆம் ஆண்டிலே மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டபோது, செட்டிகுளமும் ஒரு நிலையமாயிற்று. கொழும்பிலே வண்டியேறி, தலைமன்னாரிற் கப்பல் மாறி, தனுஷ்கோடியில் இறங்கிச் சென்னைக்குச் சென்ற எத்தனையோ ஆயிரம் பயணிகள் இவ்வூரைச் சாளரத்தின் வழியே பார்த்துச் சென்றனர். 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அந்தப் பயணமும் அதனோடு கதையாயிற்று. சாளரத்தின் வழியே பார்த்தவருக்குக் காடும், இடையிடையே ஒரு குளக்கட்டும், அதன் கீழே ஒரு துண்டு வயலும் தெரிந்திருக்கும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத ஊர் என்றே அவர் எண்ணியிருப்பார். உள்ளே இறங்கிப் பார்த்தவர் வேறு கதை சொல்வார்.

குளத்தை நம்பி வாழும் ஊரின் ஆண்டு மழையோடு தொடங்குகின்றது. புரட்டாதி, ஐப்பசியில் வானம் இருளும்போது காலபோகத்துக்கு நிலம் பண்படுத்தப்படும். நல்ல நாள் பார்த்து நாளேர் பூட்டுவர். ஒருவன் தன் வயலை மட்டும் தனியே விதைத்துவிட்டு இருக்க இயலாது. குளம் ஒன்று, துருசு ஒன்று, வாய்க்கால் ஒன்று, வேலி ஒன்று. துருசு திறக்கும் நாளை எல்லாரும் கூடியே முடிவு செய்தல் வேண்டும். வேலியில் ஒரு பாகத்தை ஒருவன் அடையாது விட்டால் காட்டுப்பன்றி எல்லாருடைய வயலுக்கும் வரும். ஆதலின் வன்னிக் கமக்காரனுக்கு அயலானோடு மனத்தாங்கல் இருந்தாலும், அவனோடு வேலை செய்யாதிருக்க வழியில்லை. கூடி வேலை செய்தல் இங்கே அறத்தினாலே மட்டும் வந்ததன்று. மண்ணின் அமைப்பே அதைக் கட்டாயமாக்கிற்று. கட்டாயமாக வந்ததை இன்பமாக மாற்றிக்கொண்டதுதான் அம்மக்களின் திறமை.

அதை எவ்வாறு மாற்றினர் என்பதைச் சற்று நின்று பார்ப்போம். கதிர் முற்றும் காலத்தில் இரவுக் காவல் மிகக் கடினமான வேலை. யானையும் பன்றியும் வரும். பனியும் நுளம்பும் வேறு. உயரத்திலே பரண் கட்டி, கீழே தீ மூட்டி, விடியும்வரை விழித்திருத்தல் வேண்டும். தனியொருவனுக்கு அது தண்டனையாகவே இருக்கும். ஒரு பரணிலிருந்து குரல் கொடுத்தால் அடுத்த பரணிலிருந்து மறுகுரல் வரும். குரல் பாட்டாகும்; பாட்டுக்கு எதிர்ப்பாட்டு எழும். மாட்டுக்காரனும் வேட்டைக்காரனும் கேட்டு வந்த கதைகள் அந்தத் தீயைச் சுற்றியே வளர்ந்தன. விழித்திருத்தல் வேண்டும் என்பதற்காகவே பாடினர். ஆனால், பாட்டுக்காகவே காவலுக்குப் போன இளைஞரும் இருந்திருப்பர் என்று நான் துணிந்து சொல்வேன்.

அறுவடையை வன்னியிலே அருவிவெட்டு என்பர். குனிந்த முதுகு நிமிராமல், தை மாசி வெயிலிலே, நீண்ட வயலின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை அரிந்து செல்லும் வேலை அது. இன்று ஒருவருடைய வயலில் எல்லாரும் இறங்குவர். நாளை மற்றவருடைய வயலில் அதே கூட்டம் இறங்கும். கூலிக் கணக்கன்று, நாட்கணக்கே அங்கே பேசப்படும். வரிசையாக நின்று அரியும்போது ஒருவர் அடியெடுத்துப் பாட, மற்றவர் வாங்கிப் பாடுவர். அருவிவெட்டுச் சிந்து என்றொரு பாடல் வகையே இதனால் உண்டாயிற்று. பாட்டு அரிவாளின் வேகத்தை ஒழுங்குபடுத்தும். கை தளர்ந்தவனை வரிசையோடு இழுத்துச் செல்லும். அரிந்து கிடத்தப்பட்ட உப்பட்டிகளைக் கட்டிச் சுமந்து சென்று சூடு வைப்பர். பின்னர் ஒரு நல்ல நாளிற் சூடு மிதிக்கப்படும்.

சூடு மிதித்தல் பெரும்பாலும் இரவிலே, நிலவு உள்ள நாளிலே நடக்கும். மாடுகள் சுற்றிச் சுற்றி வரும். களத்துக்குள் நுழைந்தவுடன் பேச்சே மாறிவிடும். நெல்லை நெல் என்று சொல்லலாகாது; பொலி என்றே சொல்லல் வேண்டும். குறைந்தது, முடிந்தது, இல்லை என்னும் சொற்கள் களத்துக்கு ஆகா. அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணாமல் இலாபம் என்று எண்ணித் தொடங்குவர். கண்ணுக்குத் தெரியாத பூதங்கள் விளைவைக் கவர்ந்து செல்லாதிருக்கவே இம்மறைமொழி என்பது அவர்களுடைய நம்பிக்கை. பின்னாளில் வன்னி மாவட்டங்களைப் பற்றிய பெருநூலை 1895இல் வெளியிட்ட ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில உத்தியோகத்தர், 1880களிலேயே களத்துமொழியைப் பற்றியும் தமிழருடைய நெற்செய்கைச் சடங்குகளைப் பற்றியும் அரச ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் எழுதினார். வரி மதிப்பிடச் சென்ற அரசாங்கத்தின் ஊழியர் ஒருவர், களத்துமேட்டில் நின்று சொற்களைக் குறித்துக்கொண்டது நமக்கு வாய்த்த நற்பேறு.

பூதங்களை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அம்மறைமொழி செய்த வேலையைக் கவனியுங்கள். நேற்றும் இன்றும் நாளையும் ஒரே மாதிரியான உழைப்பு. அதன் நடுவே ஓர் இரவை மட்டும் பிரித்தெடுத்து, அதற்கென்று ஒரு மொழியைக் கொடுத்து, சிறு பிள்ளை முதற் கிழவர் வரை அம்மொழியைத் தவறவிடாமற் பேசுவதையே ஒரு விளையாட்டாக்கி, வேலையைத் திருவிழாவாக உயர்த்தினர். தவறிச் சொன்னவனைப் பார்த்துக் களம் முழுவதும் சிரிக்கும். அச்சத்தினாற் பிறந்த வழக்கம் சிரிப்பை விளைவித்தது.

தைப்பூசத்தன்று புதிர் எடுத்து, புதுநெல்லின் சோற்றைக் குடும்பமாக இருந்து உண்பர். களத்திலே கோயிலுக்கும், கொல்லனுக்கும், வண்ணானுக்கும், இரந்து வருவோர்க்கும் பங்கு அளந்த பின்னரே எஞ்சியது வீட்டுக்குச் செல்லும். ஐயனாருக்குக் குளக்கட்டிலே பொங்கல் நடக்கும். இவை எல்லாவற்றிலும் ஒன்றைக் காணலாம். தான் செய்த வேலையின் பயன் தன் கண்முன்னே குவிந்து கிடக்கின்றது. அக்குவியலைச் சுற்றித் தன்னோடு உழைத்தவர்கள் நிற்கின்றனர். அதிலிருந்து கொடுக்கும் உரிமையும் தனக்கு இருக்கின்றது. கொடுக்கும் உரிமையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பெறுவதில் உள்ள மகிழ்ச்சியைவிட அதுவே நெடுநாள் நிற்பது.

பழமையைப் புகழ்வோர்க்கு ஒரு நோய் உண்டு. அவர்கள் பாட்டைக் கேட்பர், இருமலைக் கேளார். வன்னியின் பழைய வாழ்வு பொன்னுலகம் அன்று. அருவிவெட்டிற் பாடியவர் எல்லாரும் நிலம் உடையவர் அல்லர். களத்திற் பங்கு பெற்றவர் எல்லாரும் மதிப்போடு பெற்றாரும் அல்லர். சாதியின் பெயரால் அடிமை குடிமை என்று ஒதுக்கப்பட்டோரும் அதே வரிசையில் நின்றே குனிந்தனர். பெண்களின் உழைப்பு எக்கணக்கிலும் ஏறவில்லை. இவற்றையெல்லாம் மறைத்துவிட்டுக் களத்துமேட்டைப் பாடினால் அது வரலாறு ஆகாது.

காய்ச்சலோ அதனினும் கொடியது. வன்னியின் காடும் குளமும் மலேரியாவின் உறைவிடமாக இருந்தன. பிள்ளைகளின் வயிறு மண்ணீரல் வீக்கத்தினாற் பருத்துக் கிடந்தது. லூயிஸின் நூலிலும் காய்ச்சலும் இடிந்த குளங்களும் மக்கள் அருகிய ஊர்களும் மீண்டும் மீண்டும் வருகின்றன. 1946ஆம் ஆண்டு தொடக்கம் வீடுகளிலே டி.டி.ரி. மருந்து தெளிக்கப்பட்ட பின்னரே நிலைமை மாறிற்று. நாடு முழுவதுக்குமாக 1946இல் ஆயிரத்துக்கு 20 அளவில் இருந்த இறப்பு வீதம், 1947இல் 14 அளவுக்கு இறங்கியது. ஒரே ஆண்டில் ஏற்பட்ட இவ்விறக்கம் உலகெங்கும் பேசப்பட்டது. 2016ஆம் ஆண்டிலே உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. வன்னி மக்களின் மகிழ்ச்சிக்கு எந்தத் தத்துவமும் செய்யாத உதவியை இந்த மருந்துத் தெளிப்பும், வீடு வீடாகச் சென்ற சுகாதார ஊழியர்களின் சலியாத உழைப்பும் செய்தன.

குளங்கள் ஏன் இடிந்தன? போரும் நோயும் மட்டுமே காரணம் அல்ல. 1832ஆம் ஆண்டிலே பிரித்தானியர் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஒழித்தனர். மனிதனை விடுவித்த நற்செயலே அது. ஆனால் ஊரார் கூடிக் குளக்கட்டைத் திருத்தும் வழக்கத்துக்குப் பின்னின்ற வலிமையும் அதனோடு தளர்ந்தது. எவனும் எவனையும் கட்டுக்கு மண் போட அழைக்க இயலாமற் போயிற்று. ஒருவன் வராதபோது மற்றவனும் வரவில்லை. இக்குறையை அரசாங்கம் உணர்ந்து, 1856ஆம் ஆண்டு நீர்ப்பாசனச் சட்டத்தினாலே ஊர்வழக்கங்களுக்கு மீண்டும் சட்டவலிமை கொடுக்க முற்பட்டது. கட்டாய உழைப்பு மனிதனைத் தாழ்த்துகின்றது. கூடி உழைக்கும் ஒழுங்கு இல்லாதபோதோ குளம் உடைகின்றது. இந்த இரண்டுக்கும் இடையிலே வழி கண்டுபிடிப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. சுதந்திரத்தின் பின் பாவற்குளம் போன்ற குளங்கள் திருத்தப்பட்டுக் குடியேற்றங்கள் உண்டாயின. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின், மலையகத் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் வவுனியா மாவட்டத்திற் பல இடங்களிலே காடு வெட்டிக் குடியேறின. தலைமுறை தலைமுறையாகப் பிறருடைய தேயிலையைக் கொய்து, நாட்சம்பளத்துக்குப் பேர் போட்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். சொந்த நிலத்தில் நட்ட முதற் கத்தரிச் செடி அவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதைக் கேட்பவர்களே எண்ணிக்கொள்ளலாம்.

நேயர்களே, இங்கே ஒரு பெரியாரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கின்றது. அவர் செட்டிகுளத்தவர் அல்லர். அவர் இறந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின் அவருடைய பெயர் எதிர்பாராத வகையிலே செட்டிகுளத்துக்கு வந்தது. ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி, தாயார் ஆங்கிலேயர். இங்கிலாந்திலே மண்ணியல் கற்று, இலங்கைக்கு மீண்டு கனிப்பொருள் ஆய்வின் தலைவராக இருந்தார். கல்லைத் தேடி ஊர் ஊராகச் சென்றவர், கண்டி நாட்டிலே கைவினைஞரைக் கண்டார். பித்தளை வார்ப்போரும், பாய் இழைப்போரும், மட்கலம் வனைவோரும் தம் தொழிலின் நடுவே அடைந்த நிறைவையும், இயந்திரப் பொருள்கள் வந்து அதை அழித்துக்கொண்டிருந்ததையும் கண்டார். அதன் விளைவே 1908இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல். ஆங்கில அறிஞர் வில்லியம் மொரிஸ் தம் கெல்ம்ஸ்கொட் அச்சகத்திலே பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே அந்நூல் அச்சாயிற்று. 425 பிரதிகளே அச்சிடப்பட்டன. மொரிஸும் குமாரசுவாமியும் சொல்லிய செய்தி ஒன்றே. செய்பவனுக்கு இன்பம் தராத வேலை, வாங்குபவனுக்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், சமுதாயத்துக்கு மிக விலை உயர்ந்தது. கலை என்பது ஒரு சிலருடைய தனிச்சொத்தன்று. ஒழுங்காகவும் அன்போடும் செய்யப்படும் எவ்வேலையும் கலையே என்பது குமாரசுவாமியின் கொள்கை. 1947ஆம் ஆண்டு அமெரிக்காவிலே அவர் காலமானார். ஆனந்தம் என்பதையே பெயரிற் கொண்டவர், உழைப்பிலுள்ள ஆனந்தத்தைப் பற்றியே வாழ்நாளின் பெரும்பகுதியை எழுதிக் கழித்தார் என்பது எண்ணி வியக்கத்தக்கது.

2009ஆம் ஆண்டிலே, போரின் இறுதிக் கட்டத்தில், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளிலிருந்து வெளியேறிய மக்கள் செட்டிகுளத்துக்கு அண்மையிலுள்ள மெனிக் பாம் முகாமுக்குக் கொண்டுவரப்பட்டனர். அருவியாற்றை அண்டிக் காடு வெட்டி அமைத்த அம்முகாமிலே, மிகுந்திருந்த காலத்தில் ஏறக்குறைய 225,000 பேர் அடைபட்டிருந்தனர். அந்நாளில் உலகின் மிகப் பெரிய இடம்பெயர்ந்தோர் முகாம்களுள் ஒன்றாக அது பேசப்பட்டது. முகாம் பல பிரிவுகளாக வகுக்கப்பட்டு, அவற்றுக்குத் தமிழ்ப் பெரியார்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. இராமநாதன், அருணாசலம், கதிர்காமர் என்பவை சில. இன்னொன்றின் பெயர் ஆனந்த குமாரசுவாமி.

அப்பெயரைச் சூட்டியவர் எதை எண்ணிச் சூட்டினாரோ, அந்தப் பெயர்ப்பலகையின் கீழே வாழ்ந்தவர்களுக்குச் செய்வதற்கு வேலை இருக்கவில்லை. அவர்களிற் பெரும்பாலோர் கமக்காரர், மீனவர், தச்சர், ஆசிரியர், சிறு வியாபாரிகள். நெல் விளைவித்தவர்கள் அரிசிக்காக வரிசையில் நின்றனர். கடலிலே வலை வீசியவர்கள் தகரத்தில் அடைத்த மீனை வாங்கினர். முள்வேலிக்கு வெளியே செல்ல 2009 டிசம்பர் வரை பொதுவான அனுமதி இருக்கவில்லை. அவர்கள் இழந்தவற்றின் முன்னே, வேலை இல்லாமையைப் பேசுவது சிறிய செய்தியாகத் தோன்றலாம். பிள்ளையை இழந்தவருக்கு வயல் எதற்கு என்று கேட்கலாம். ஆயினும் துயரத்தைத் தாங்குவதற்குக் கைக்கு ஒரு வேலை வேண்டும் என்பதைச் செத்தவீட்டுக்குச் சென்ற எவரும் அறிவர். அடுப்பு மூட்டுபவரும், பந்தல் போடுபவரும், தண்ணீர் அள்ளுபவருமே அங்கே சற்று நிமிர்ந்து நிற்பர்.

இதற்கு ஒப்பான ஒரு செய்தி ஐரோப்பாவிலிருந்து கிடைக்கின்றது. ஒஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவுக்கு அண்மையில் மரியந்தால் என்றோர் ஊர். ஊர் முழுவதும் ஒரே நெசவாலையை நம்பியிருந்தது. 1929ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியின்போது அது மூடப்பட்டது. மேரி யகோடா முதலிய இளம் ஆராய்ச்சியாளர் மூவர் அங்கு சென்று ஆராய்ந்து, 1933இலே ஒரு நூல் வெளியிட்டனர். வேலை போனபின் நேரம் நிறைய இருந்தது. ஆனால் ஊர் நூலகத்தில் எடுத்துச் செல்லப்பட்ட புத்தகங்களின் தொகை ஏறவில்லை, பெரிதும் இறங்கிற்று. ஆண்கள் தெருவிலே முன்னைவிட மெதுவாக நடந்தனர், அடிக்கடி நின்றனர். காலை முதல் மாலை வரை என்ன செய்தீர் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டு வேலை ஓயாத பெண்களே விரைந்து நடந்தனர். ஓய்வு மட்டும் மகிழ்ச்சியைத் தராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. மரியந்தாலில் முள்வேலி இருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

மெனிக் பாமிலே மக்கள் கைகட்டி இருந்துவிடவில்லை. ஆசிரியர்கள் கொட்டகைகளிலே வகுப்பு நடத்தினர். முகாமிலிருந்த மாணவர்கள் அதே 2009 ஆகஸ்டிலே உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினர். குண்டு விழுந்த பாடசாலையை விட்டு ஓடி வந்து, தகரக் கொட்டகையிலே இருந்து கணக்குச் செய்த பிள்ளைகள் அவர்கள். மயிர் வெட்டத் தெரிந்தவர் கத்தரிக்கோலைத் தேடி எடுத்தார். துவிச்சக்கர வண்டி திருத்தத் தெரிந்தவர் ஒரு மரநிழலைப் பிடித்தார். கூடாரத்தின் ஓரத்திலே மிளகாயும் கத்தரியும் நட்டவர்களும் உண்டு. வள்ளுவர் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தை அடுத்து இடுக்கணழியாமை என்னும் அதிகாரத்தை வைத்திருக்கின்றார். முயற்சியைச் சொன்ன உடனேயே துன்பத்தால் உடையாதிருத்தலை ஏன் சொன்னார் என்பதற்கு உரையாசிரியர்கள் கூறும் காரணங்கள் இருக்கட்டும். ஒரு மிளகாய்க் கன்றுக்கு முகங்கழுவிய நீரை ஊற்றும் பெண்ணைக் கண்டவருக்கு அந்த வைப்புமுறை எளிதில் விளங்கும்.

2012ஆம் ஆண்டு உலக மகிழ்ச்சி அறிக்கை என்னும் ஆய்வு முதன்முறையாக வெளிவந்தது. பூட்டான் நாட்டின் முயற்சியினாலே ஐக்கிய நாடுகள் சபை மகிழ்ச்சியை அரசியலின் குறிக்கோளாக ஏற்றுப் பேசத் தொடங்கியிருந்த காலம் அது. அதே ஆண்டிலே மார்ச்சு 20ஆம் நாள் சர்வதேச மகிழ்ச்சி நாளாகவும் விதிக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரிலேதான் மெனிக் பாமிலிருந்து கடைசிக் குடும்பங்கள் வெளியேறின. அவர்களுள் கேப்பாப்புலவு மக்கள் தங்கள் ஊருக்குச் செல்லவில்லை. அங்கே படைமுகாம் இருந்தமையால் வேறோர் இடத்திற் குடியிருத்தப்பட்டனர். அவர்களுடைய தென்னையும் கிணறும் கண்ணெட்டும் தூரத்தில் இருந்தன. 2017ஆம் ஆண்டிலே அம்மக்கள், பெண்கள் முன்னிற்க, தெருவோரத்திலே இருந்து மாதக்கணக்கிற் போராடினர். நிவாரணம் கேட்டு அவர்கள் அங்கே இருக்கவில்லை. தம் மண்ணில் வேலை செய்யும் உரிமையையே கேட்டனர். மகிழ்ச்சியை அளக்கும் அறிக்கைகள் வருமானத்தையும் ஆயுளையும் நட்பையும் நன்றாகவே அளக்கின்றன. ஒரு மனிதனுடைய கை, தான் அறிந்த வேலையைத் தான் அறிந்த நிலத்திற் செய்ய முடிகின்றதா என்பதை அளக்கும் கோல் இன்னும் செம்மையாக அமையவில்லை.

1990இலிருந்து ஓடாதிருந்த புகையிரதம் 2013இலே மடு வீதி வரையும், 2015இலே தலைமன்னார் வரையும் மீண்டும் ஓடத் தொடங்கியது. செட்டிகுள நிலையத்தில் மீண்டும் வண்டி நிற்கின்றது. கண்ணிவெடி அகற்றப்பட்ட வயல்களிலே மீண்டும் நெல் விளைகின்றது. ஆனால் அருவிவெட்டுப் பாட்டு இல்லை. அறுவடை இயந்திரம் வருகின்றது; பல நாள் வேலை சில மணித்தியாலத்தில் முடிகின்றது; நெல் சாக்கிலே நேரே விழுகின்றது. முதுகு ஒடியும் வேலையிலிருந்து விடுபட்டவர்களைப் பார்த்துப் பாட்டுப் போயிற்றே என்று வருந்துவது எனக்கு உவப்பாக இல்லை. பாட்டு வேண்டுமென்பதற்காக ஒருவரையும் குனியச் சொல்ல முடியாது. வருந்தத்தக்கது வேறு. முன்னர்க் களத்தில் நெல் குவிந்தபோது கமக்காரன் பங்கு கொடுத்தான். இன்று பலருக்கு நெல் குவியுமுன்னரே கடன்காரன் பங்கு கேட்கின்றான். உழவுக்கும், உரத்துக்கும், இயந்திரத்துக்கும் வாங்கிய பணம் போக எஞ்சுவது சிறிது. போருக்குப் பின் வன்னியெங்கும் பரவிய நுண்கடன், குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் பலரை வாரந்தோறும் தவணைக்கு அஞ்சி வாழ வைத்தது. 2021ஆம் ஆண்டு இரசாயன உரம் ஒரே நாளிலே தடை செய்யப்பட்டபோது, அடுத்த காலபோகத்தில் நாடெங்கும் நெல் விளைவு வீழ்ந்தது. தடை சில மாதத்தில் நீக்கப்பட்டது; இழந்த போகம் திரும்பவில்லை. களத்திலே இல்லை என்ற சொல்லைச் சொல்லாதிருக்கப் பழகிய மக்கள், அவ்வாண்டு அச்சொல்லைக் கச்சேரியிலே சென்று சொல்ல வேண்டியதாயிற்று.

ஆயினும் ஒன்று மட்டும் மாறாமல் இருக்கின்றது. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர், குளத்தின் கீழ் வயலுடைய எல்லாரும் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு வருகின்றனர். நீர்ப்பாசன உத்தியோகத்தர் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கின்றது என்பதைச் சொல்வார். எத்தனை ஏக்கர் விதைப்பது, துருசை எந்த நாளிலே திறப்பது, வேலியை எந்த நாளுக்குள் அடைப்பது, கட்டாக்காலி மாட்டுக்கு என்ன தண்டம் என்பன பேசப்படும். முதிய கமக்காரர் ஒருவர் எழுந்து, சென்ற ஆண்டு தம் வரம்புக்குத் தண்ணீர் வரவில்லை என்று முறையிடுவார். வாய்க்காலின் மேற்கரையில் உள்ளவர் அதற்கு ஒரு கேலி சொல்வார். கூட்டம் சிரிக்கும், முதியவரும் சிரிப்பார், பின்னர் அவருடைய வரம்புக்குத் தண்ணீர் வரும் நாளும் குறிக்கப்படும். வெளியே ஐப்பசி மேகம் கறுத்து நிற்கும். விதைநெல்லை ஊறப்போடுவதற்காகச் சிலர் கூட்டம் முடியுமுன்னரே எழுந்து செல்வர்.